நானூறு மில்லிகிராம்

என் மடியில் இருக்கும் பெட்டி மேல் பையை வைக்காதீர்கள் அம்மா, உள்ளே தராசு இருக்கிறது. காய்கறிக் கடைத் தராசு இல்லை. ஓர் எள்ளை வைத்தால் முள் அசையும். பையை நம் இருவர் காலுக்கும் நடுவில் வையுங்கள். ஆமாம், அப்படி. கண்டக்டர் பார்க்கிறார், பார்க்கட்டும். மடியில் இருப்பது லக்கேஜ் ஆகாது என்று ஏறும்போதே சொல்லிவிட்டேன்.

கோவில்பட்டிக்குத்தான். கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன். என் பெயர் ஜெயசீலி. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இருபத்தாறு வருடம் ஆயிற்று, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும், இன்று ஏழாவது நாள். வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் இதோடு முடியும். கொடுக்காவிட்டால் குற்றச்சாட்டாக மேலே போகும், பணிப்பதிவேட்டில் ஏறும். ஒரு சிவப்புக் கோடுகூட விழாத பதிவேடு அம்மா என்னுடையது. எச்.எம். அந்த நாலு வரியை அவரே எழுதி, கீழே நான் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். அதை மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டீர்களா? கேளுங்கள். எல்லோரும் கேட்டாயிற்று.

மெக்னீசியம் எரிந்தால் எடை கூடும். இதுதான் நான் செய்தது. இதைச் சொன்னதுதான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இந்த முன்சீட்டுக் கம்பி இரும்பு. உங்கள் மூக்குத்தி தங்கம். இந்தக் கம்பியை அரத்தால் ராவிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத கடைசித் துகள் வரைக்கும் இரும்புதான், வேறொன்றும் கலந்திருக்காது. அதனால் அது தனிமம். அந்தக் கடைசித் துகள் அணு. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் ஓர் எடை உண்டு. மெக்னீசியம் இருபத்து நாலு. ஆக்சிஜன் பதினாறு. எரிவது என்றால் என்ன? காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து சேர்வது. மெக்னீசிய அணுவின் வெளிவட்டத்தில் இரண்டு எலக்ட்ரான் கூடுதலாக இருக்கிறது. ஆக்சிஜனுக்கு இரண்டு குறைகிறது. இது கொடுக்கிறது, அது வாங்குகிறது. ஒன்றுக்கு ஒன்று. இருபத்து நாலும் பதினாறும் எவ்வளவு? நாற்பது. எனவே இருநூற்று நாற்பது மில்லிகிராம் நாடாவை எரித்தால் நானூறு மில்லிகிராம் சாம்பல் வரும். இதில் எங்கே அம்மா தப்பு? உலகத்தில் எந்த ஊரில் எரித்தாலும் நானூறுதான்.

மெக்னீசியம் நாடா பார்த்திருக்கிறீர்களா? தலையில் கட்டும் ரிப்பன் போலத்தான் இருக்கும். மெல்லிசு, ஈய நிறம். ஒரு சாண் வெட்டி இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினால் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். பற்ற வைத்த உடனே நான் சொல்லிவிடுவேன்: "எல்லாரும் கண்ணை மூடு!" நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அணைந்ததும் "திற" என்பேன். கீழே கண்ணாடித் தட்டில் வெள்ளைச் சாம்பல் கிடக்கும். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றும் ஆனதில்லை. அதை எந்த மெமோவிலும் எழுத மாட்டார்கள்.

என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், பெஞ்சுக்கு ஏழு பேராக ஆறு பெஞ்சு. இந்தச் சோதனை நடக்கும் அன்று பலகையில் முதலிலேயே எழுதிவிடுவேன்: நாடா 240, சாம்பல் 400, சேர்ந்த ஆக்சிஜன் 160. என்ன வர வேண்டும் என்று தெரியாமல் எடை போட்டால், வந்தது சரியா தப்பா என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? முதலில் விடை, அப்புறம் சோதனை. அது என் முறை. ஒவ்வொரு பெஞ்சாக வந்து எரிப்பார்கள், எடை போடுவார்கள், போய் உட்கார்ந்து பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். அடித்தல் திருத்தல் இருக்காது. என் வகுப்பு நோட்டுகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாங்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்தத் தடவை ஆறாவது பெஞ்சில் ஒரு பெண், செண்பகவல்லி. குள்ளமான பெண், பேச்சு குறைவு. நாற்பத்தொரு பேர் நானூறு எழுதியிருக்கிறார்கள். இவள் நோட்டில் நூற்றுத் தொண்ணூறு.

நூற்றுத் தொண்ணூறு! எரிப்பதற்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவு. கூப்பிட்டேன்.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"தராசுல வந்துச்சு டீச்சர்."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

"நானூறு டீச்சர்."

"அப்ப?"

"தராசுல நூத்தித் தொண்ணூறுதான் டீச்சர் வந்துச்சு."

"மீதி எங்க போச்சு?"

"புகையா ஜன்னல் பக்கம் போச்சு டீச்சர். வெள்ளையா."

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். "கண்ணை மூடச் சொன்னேனே?"

"மூடுனேன் டீச்சர். அப்பறம் தொறந்தேன்."

வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. நான் அடிக்கிற ஆள் இல்லை. திட்டவும் இல்லை. அந்த எண்ணைச் சிவப்பு மையில் சுழித்து, 'தவறு. திருத்தி எழுது' என்று எழுதினேன். இவள் திருத்தவில்லை. நோட்டை மறுநாளும் அப்படியே கொண்டுவந்து நீட்டுகிறாள். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, நீட்டுகிறாள். "வெளியே நின்னு யோசி" என்றேன். தண்டனை இல்லை அம்மா, யோசிப்பதற்கு. என் பீரியடில் மட்டும்தான். அங்கே நின்றுகொண்டும் ஜன்னல் வழியாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன். அந்த அளவுக்கு நான் இளகின மனசுக்காரி.

மூன்றாம் நாள் அவள் அப்பா வந்துவிட்டார். அய்யலுசாமி. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கும் வேலை. தீக்குச்சியின் தலையில் இருக்கிறதே, அந்த மருந்து. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே நின்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆசிரியர் முன்னால் கையைப் பையில் விட்டுக்கொண்டு நிற்பது என்ன பழக்கம்?

"டீச்சர், எம் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு?"

"எடையைத் தப்பா எழுதியிருக்கா, அண்ணாச்சி."

"தராசு தப்பாக் காட்டுச்சுங்களா?"

"என் தராசு தப்பாக் காட்டாது."

"அப்ப பொண்ணு தப்பாப் பாத்திருச்சா?"

"பார்த்ததெல்லாம் சரிதான். அதை எழுதியிருக்கக் கூடாது."

 பிறகு சொன்னார்: "எங்க ஆபீஸ்ல எடை போட ஒருத்தர் இருந்தாரு, டீச்சர். நல்ல மனுசன். தெனமும் அதே எடைதானேன்னு ஒரு நாள் தராசப் பாக்காம முந்தின நாள் எழுதுனதையே எழுதிட்டாரு. அன்னைக்குன்னு ஒரு சரக்கு கூடிப்போச்சு. கலக்குனது நான்."

கையை வெளியே எடுத்தார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

"வீட்ல அதான் சொல்லி வளத்திருக்கேன், டீச்சர். தராசு என்ன காட்டுதோ அதத்தான் எழுதணும்னு."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. யாருக்கு இருக்காது? ஆனால் பாவம் பார்த்தால் பாடம் நடக்குமா? "அண்ணாச்சி, அது வேலை. இது படிப்பு" என்றேன். "சரிங்க டீச்சர்" என்று கையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். படிக்காதவர். அவரிடம் அணு எடையைப் பற்றி நான் என்ன பேச முடியும்?

மறுநாள் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வந்துவிட்டார். முன்னறிவிப்பு இல்லை. அய்யலுசாமிதான் புகார் எழுதிப் போட்டிருப்பார் என்று நான் முதலில் நினைத்தேன். இல்லையாம், வழக்கமான ஆய்வாம். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. சுடிதார், தோளில் ஒரு துணிப்பை. நேராக வகுப்புக்குள் வர வேண்டியதுதானே? வெளியே நிற்கும் பெண்ணிடம் போய், "நீ ஏம்மா வெளிய நிக்கிற?" என்று கேட்டார். அவள் வாயால் சொல்லவில்லை. நோட்டைத்தான் நீட்டினாள்.

அதற்கப்புறம் எல்லா நோட்டையும் வாங்கி, என் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். நானூறு. நானூறு. நானூறு. வாய்விட்டுப் படித்தார் அம்மா. பத்துப் பன்னிரண்டு நோட்டு ஆனதும் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து "நானூறு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள், ஏலம் போடுகிற மாதிரி. நான் பெருமையாகத்தான் நின்றேன், பொய் சொல்வானேன். நாற்பத்தொரு பிள்ளையும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் எந்த ஆசிரியைக்குப் பெருமையாக இருக்காது?

"டீச்சர், நாற்பத்தொரு பேருக்கும் ஒரே எடை எப்படி வந்துச்சு?"

"ஒழுங்கு மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. செண்பகவல்லியைக் கூப்பிட்டு, எப்படி எடை போட்டாய், என்ன பார்த்தாய் என்று கேட்டார். அவள் புகையைச் சொன்னாள். "புகை எங்கே போச்சு?" "தெரியல மேடம்." "ரொம்ப நல்லது" என்றார் அதிகாரியம்மா. தெரியல என்கிறாள், ரொம்ப நல்லது என்கிறார்! கைதட்டச் சொன்னார். என் வகுப்பு, எனக்கு முன்னாலேயே கைதட்டியது.

நாலு நாளில் மெமோ வந்தது. என்ன கேட்டிருக்கிறார்கள் என்றால், சரியாக அளந்து எழுதிய மாணவியின் அளவைத் தவறு என்று குறித்தது ஏன், வெளியே நிறுத்தியது ஏன். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் எனக்கு. இதற்கு என்ன அர்த்தம்? சாம்பல் எடை குறையும் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். எச்.எம். சொல்கிறார், "அவங்க அதைக் கேக்கலைங்க டீச்சர்" என்று. வேறு எதைக் கேட்கிறார்கள்? நூற்றுத் தொண்ணூறு சரி என்றால் நானூறு தப்பு. நானூறு தப்பு என்றால் அணு எடை தப்பு. அதைத்தான் நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், வருத்தத்தோடு.

ஆசிரியர் அறையில் கோமதி டீச்சர், தமிழ் எடுக்கிறவர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொல்கிறார்: "ஜெயசீலி, நாப்பத்தொரு பேருக்கும் ஒரே எடை. ரேஷன் கடையில கூட இப்படி வராது." எல்லோரும் சிரிக்கிறார்கள். பிள்ளைகள் என் தலை தெரிந்தால் "நானூறு வருது, நானூறு வருது" என்று ஓடுகிறார்கள். ஓடட்டும். நானூறு சரியான எண்தான். வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

சரி, எரித்தே காட்டிவிடுவோம், அளந்து ஆதாரத்தோடு எழுதிக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் விளையாட்டு. பிள்ளைகள் மைதானத்துக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நாடாவை வெட்டினேன், எடை போட்டேன், இருநூற்று நாற்பது. எரித்தேன், எடை போட்டேன். இருநூற்றுப் பத்து.

காற்று. மின்விசிறி ஓடியது. அணைத்துவிட்டு மறுபடியும் எரித்தேன். நூற்று எழுபது.

தராசு பழசு, அம்மா. எடைக்கற்களையும் பிள்ளைகள் கையால் தொட்டுத் தொட்டு ஏதாவது ஆகியிருக்கும். அது வேறு விஷயம். மூன்றாம் தடவை இடுக்கியைத் தட்டுக்கு மிகப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பிடித்தால் பார்க்காமல் முடியாது இல்லையா? பார்த்துவிட்டேன். வெளிச்சத்தை நேராகவே பார்த்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. என்ன ஒரு புகை என்கிறீர்கள்! பஞ்சைப் பிய்த்துப் பறக்கவிட்ட மாதிரி. தட்டில் விழுந்ததைவிட மேலே போனதுதான் அதிகம். மேசை விரிப்பில், என் புடவையில், எல்லாம் வெள்ளை. அந்தத் தடவை இருநூற்று அறுபது. கூடியிருக்கிறது, கவனியுங்கள். இருநூற்று நாற்பது, இருநூற்று அறுபது ஆகியிருக்கிறது. அங்கேயே என் பக்கம் நிரூபணம் ஆகிவிட்டது. நிறுத்தியிருக்கலாம்.

நிமிர்ந்தால் கதவு திறந்திருக்கிறது. செண்பகவல்லி நிற்கிறாள்.

"விளையாடப் போகலையா?"

"கால் வலி டீச்சர்."

பொய். காலையில் ஓடியதை நான் பார்த்தேன். போ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே, "மூடி வச்சா புகை எங்கே டீச்சர் போகும்?" என்றாள்.

கேள்வியைப் பாருங்கள். ஆனால் ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு வந்த அறிவியல் பெட்டியில் மூடியோடு ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கிறது. மூடியைச் சுற்றிய காகிதத்தைக்கூட நான் பிரித்ததில்லை, தேவைப்பட்டதில்லை. அதை எடுத்தேன். அவள் சொல்லி இல்லை, எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. கிண்ணம் சூடாக அந்தச் சின்ன விளக்கு போதாது. சத்துணவுக் கூடத்துக்குப் போய் காஸ் அடுப்பைக் கேட்டோம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயா, "என்ன டீச்சர், விரலளவு கிண்ணத்துல பொங்கலா வைக்கப் போறீங்க? எனக்கும் ஒரு வாய் எடுத்து வைங்க" என்றாள். யாருக்கும் பயம் இல்லை அம்மா இப்போதெல்லாம்.

நாடாவைச் சுருட்டி உள்ளே போட்டு மூடப் போனேன். அந்தப் பெண் சொல்கிறாள், "டீச்சர், எங்க அப்பா ஆபீஸ்ல டப்பாவையும் மூடியையும் முதல்லயே தனியா எடை போட்டு எழுதி வச்சுக்குவாங்க." அதுவும் எனக்குத் தெரியும். போட்டேன். அடுப்பில் வைத்து, அவ்வப்போது மூடியை இடுக்கியால் ஒரு நூல் தூக்கிக் காற்று விட்டு, உடனே மூடி, மறுபடி தூக்கி, இப்படி அரை மணி நேரம். இடுக்கியை அவள்தான் பிடித்தாள். அவள் கை ஆடாது. என் கை இப்போது கொஞ்சம் ஆடுகிறது, சர்க்கரை.

இதோ, இந்தக் கவரில் இருப்பது என் விளக்கம். நாலு தடவையும் என்ன வந்தது என்று எழுதியிருக்கிறேன். இருநூற்றுப் பத்து, நூற்று எழுபது, இருநூற்று அறுபது, முந்நூற்று எழுபது. ஒன்றுகூட விடவில்லை. மறைப்பதற்கு எனக்கென்ன? வருத்தம் என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை, எண்ணிப் பாருங்கள் வேண்டுமானால். கடைசி வரி: மெக்னீசியம் எரிந்தால் எடை கூடும். கீழே என் கையெழுத்து. எச்.எம். படித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், அவங்க கேட்டது இதுதானே?" என்கிறார். அவருக்கு அறிவியல் கிடையாது, வரலாறு. அதிகாரியம்மா ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் மேசை மேலேயே எரிப்பேன். கிண்ணம், மூடி, நாடா எல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. பதிவேட்டில் எழுதுவதென்றால் எழுதட்டும். நூற்றுத் தொண்ணூறு சரி என்று மட்டும் என் கையால் எழுதி வாங்க முடியாது.

பைபாஸ் வந்துவிட்டதா? நீங்கள் பஸ் ஸ்டாண்டில்தானே இறங்குகிறீர்கள்? அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது.

முந்நூற்று எழுபதா? அது அந்தப் பெண் பார்த்துச் சொன்ன எண். கிண்ணம் ஆறியதும் தராசில் வைத்துவிட்டேன், ஆனால் எனக்கு முள் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தேன் என்றேனே, நேரம் ஆக ஆகக் கண்ணுக்குள் பச்சையாக ஒரு வட்டம் வந்து நின்றுகொண்டு போக மாட்டேன் என்கிறது. எங்கே பார்த்தாலும் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. பலகையிலும் அன்றைக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு டீச்சர்?" என்று கேட்கிறாள். முள்ளை நேருக்கு நேராகப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் எண் மாறும். மேசையோ உயரம். எட்டி எட்டிப் பார்க்கிறாள், கண் முள் உயரத்துக்கு எட்டவில்லை. என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, தட்டு ஆடாமல் இருக்கட்டும் என்று ஜன்னலைச் சாத்தப் போனேன்.